மாறச் சொல்லாதே, போதும்

லுணுகலைப் பக்கம் ஹொப்டனிலோ அடாவத்தையிலோ தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையை எடுக்கிறார்கள். அதனோடு ஓர் அங்குலத் தண்டு இருக்கும். இலைக் கக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மொட்டு இருக்கும். மண் நிரப்பிய பொலித்தீன் பையில் அதை ஊன்றி, நிழலும் ஈரமும் கொடுத்தால் வேர் பிடிக்கிறது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் மலைக்கு ஏற்றத் தயாரான கன்று கிடைக்கிறது. வீ.பி. தேயிலை என்பது இதுதான். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 2025 என்ற வகை எத்தனையோ தோட்டங்களில் பரவியது இப்படித்தான். அந்த வகைச் செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் பிரதிகள்.

தேயிலைக்கு இது முடிவதற்குக் காரணம் பிரியிழையம். என்னவாக மாறுவது என்று இன்னும் முடிவெடுக்காத கலங்களைத் தாவரம் மொட்டிலும் வேர்நுனியிலும் கடைசிவரை வைத்திருக்கிறது. விலங்குக்கு அந்த வசதி இல்லை. சுண்டெலியின் காதில் ஒரு துண்டை வெட்டி என்னதான் பக்குவமாக வைத்தாலும் அதிலிருந்து இன்னொரு சுண்டெலி வராது. தோற்கலம் தோலாகவே இருக்கும், ஈரற்கலம் ஈரலாகவே இருக்கும்.

ஆனால் அந்தச் சுண்டெலியின் உடலும் ஒரு காலத்தில், எதுவாகவும் மாறக்கூடிய சில கலங்களாகத்தான் இருந்தது. கருக்கட்டிய நான்காம் நாளை ஒட்டிய ஓரிரு நாள்தான் அந்தக் காலம். அதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீட்டி வைக்க முடியும் என்று 1981இல் தெரியவந்தது. அவ்வாறு நீட்டி வைக்கப்பட்ட கலங்களை முளைய மூலக்கலங்கள் என்கிறோம். எம்பிரியோனிக் ஸ்டெம் செல் என்று செய்திகளில் அடிபடுவதும் இவைதான்.

நான்காம் நாள்

சுண்டெலியின் கர்ப்பகாலம் 20 நாள் அளவு. கருக்கட்டிய முட்டை முதல் நாளில் இரண்டாகப் பிரிகிறது. பிறகு நான்கு, எட்டு என்று பெருகுகிறது. எட்டுக் கல நிலைவரை ஒரு கலத்துக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதன் பின்னர் வெளியில் அகப்பட்டவை ஒரு வழியிலும் உள்ளே அகப்பட்டவை இன்னொரு வழியிலும் போகின்றன.

மூன்றரை நாள் ஆனதும் முளையம் நீர் நிறைந்த ஒரு சிறு உருண்டையாகிறது. அதற்குப் பெயர் பிளாஸ்டோசிஸ்ட். குறுக்களவு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுதான். வெளிச்சுவரில் இருக்கும் கலங்கள் சூல்வித்தகமாகப் போகின்றன. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கிடக்கும் சிறு திரளை உட்கலத் திரள் என்பார்கள். எலும்பு, மூளை, குருதி, விந்து, முட்டை என்று பிறக்கப்போகும் குட்டியின் உடல் முழுவதும் அதிலுள்ள கலங்களின் வழித்தோன்றல்தான்.

ஆனால் அவை காத்திருப்பதில்லை. நாலரை நாளில் முளையம் கருப்பைச் சுவரில் பதிகிறது. ஏழாம் நாளுக்குள் உடலின் மூன்று அடிப்படைப் படைகளும் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு எதுவாகவும் ஆகலாம் என்ற சுதந்திரம் அந்தக் கலங்களுக்கு இல்லை.

இந்த ஓட்டத்துக்கு இயற்கையிலேயே ஒரு விலக்கு உண்டு. பாலூட்டிக்கொண்டிருக்கும் சுண்டெலி மறுபடி சினைப்பட்டால், புதிய முளையங்கள் பிளாஸ்டோசிஸ்ட் நிலையில் நின்றுவிடுகின்றன. அவை கருப்பைக்குள் இருக்கும், ஆனால் பதியாது. தாயின் ஓமோன் நிலை மாறியதும் விட்ட இடத்திலிருந்து வளர்ச்சி தொடரும். நான்காம் நாளை நிறுத்தி வைக்கும் வித்தை சுண்டெலிக்கு முன்பே தெரியும் என்றுதான் சொல்லவேண்டும்.

கட்டியிலிருந்து முளையத்துக்கு

இந்தக் கலங்களைத் தேடிய வழி முளையத்தில் தொடங்கவில்லை, ஒரு புற்றுக்கட்டியில் தொடங்கியது. 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில் லெரோய் ஸ்டீவன்ஸ் என்ற இளம் ஆய்வாளர், புகையிலை நிறுவனமொன்றின் பணத்தில் சிகரெட் பொருட்கள் சுண்டெலியை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். '129' என்ற வம்சத்து ஆண் எலி ஒன்றின் விதைப்பை வீங்கியிருந்தது. அறுத்துப் பார்த்தபோது கட்டிக்குள் மயிர், தசை, குருத்தெலும்பு என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இழையங்கள் குழம்பிக் கிடந்தன. அந்த வம்சத்து ஆண் எலிகளில் நூற்றுக்கு ஒன்றில் இப்படிக் கட்டி வருவதை அவர் கண்டார். சிகரெட் ஆய்வை விட்டுவிட்டு ஸ்டீவன்ஸ் வாழ்நாள் முழுவதும் அந்தக் கட்டிகளின் பின்னால் போனார்.

1964இல் லூயிஸ் கிளைன்ஸ்மித், பெரி பியர்ஸ் இருவரும் அத்தகைய கட்டியிலிருந்து ஒரேயொரு கலத்தைப் பிரித்தெடுத்து இன்னொரு எலிக்குள் வைத்தார்கள். அந்த ஒற்றைக் கலத்திலிருந்து பல இழையங்கள் கொண்ட முழுக் கட்டி உருவானது. அப்படியானால் கட்டிக்குள் எதுவாகவும் மாறக்கூடிய கலம் ஒன்று இருந்திருக்கவேண்டும். 1970இல் ஸ்டீவன்ஸ் எதிர்ப் பக்கமிருந்து வந்தார். இயல்பான இளம் முளையத்தை எலியின் விதைக்குள் வைத்தபோதும் அதே வகைக் கட்டி வந்தது. கட்டியின் மூலமும் முளையத்தின் மூலமும் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது.

கட்டிக் கலங்களை இளம் முளையத்துக்குள் செலுத்தினால் சில வேளைகளில் அவை இயல்பான உடலில் கலந்து வளரும் என்பதை 1970களின் நடுப்பகுதியில் பல ஆய்வுகூடங்கள் காட்டின. ஆனால் பெரும்பாலான கட்டிக் கலங்களில் நிறமூர்த்தங்கள் சிதைந்திருந்தன. அடுத்த தலைமுறைக்குப் போகும் விந்தாகவோ முட்டையாகவோ அவை மாறுவது அரிது. நோயில்லாத மூலக்கலத்தை நேரடியாக முளையத்திலிருந்தே எடுக்கவேண்டியிருந்தது.

1981 யூலையில் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸ், மத்தியூ கவுப்மன் இருவரும் அதைச் செய்துவிட்டதாக அறிவித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டின் தனியாகச் செய்து வெளியிட்டார். அவர் முன்னர் எவன்ஸின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்தவர். கேம்பிரிட்ஜ் குழுவினர் தாய் எலியின் சூலகத்தை அகற்றி ஓமோன் கொடுத்து முளையங்களைக் கருப்பைக்குள்ளேயே நிற்க வைத்தார்கள். பாலூட்டும் தாயில் இயற்கை செய்வதை அவர்கள் செயற்கையாகச் செய்தார்கள். மார்ட்டின் வேறு வழியில் போனார். வெளிச்சுவர்க் கலங்களைப் பிறபொருளெதிரி கொண்டு கொன்று, உட்திரளை மட்டும் எடுத்தார். கட்டிக் கலங்கள் வளர்ந்த ஊடகத்தை எடுத்து அதில் அவற்றை வளர்த்தார். எம்பிரியோனிக் ஸ்டெம் செல் என்ற பெயரும் அவர் வைத்ததே.

ஆய்வுகூடத்தில் ஒரு கல வரிசை

இன்றும் அடிப்படை முறை அதிகம் மாறவில்லை. ஆணும் பெண்ணும் இரவில் ஒரே கூட்டில் விடப்படுகின்றன. மறுநாள் காலை பெண் எலியின் யோனியில் வெண்ணிறமான கட்டிப்பட்ட அடைப்பு தென்பட்டால் புணர்ச்சி நடந்திருக்கிறது. அன்று நண்பகலை அரை நாள் என்று கணக்கு வைப்பார்கள். மூன்றரை நாள் கழிந்ததும் தாயைக் கொன்று கருப்பையை எடுக்கிறார்கள். ஒவ்வொரு கல வரிசைக்கும் பின்னால் இந்தக் கொலை இருக்கிறது. ஆய்வு நெறிக் குழுக்கள் எத்தனை எலி, எதற்காக, எந்த முறையில் என்று கேட்பதும் இதனால்தான். கருப்பையின் கொம்புகளுக்குள் ஊடகத்தைச் செலுத்தினால் பிளாஸ்டோசிஸ்டுகள் கழுவப்பட்டு வெளியே வருகின்றன. மெல்லிய கண்ணாடிக் குழாயின் வாயால் உறிஞ்சி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள்.

அவற்றுக்கான படுக்கை முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். கிண்ணத்தின் அடியில் ஜெலற்றின் பூசி, அதன்மேல் பதின்மூன்றரை நாள் எலி முளையங்களிலிருந்து எடுத்த நார்க்கலங்களைப் பரப்புகிறார்கள். மைற்றோமைசின் என்ற மருந்தாலோ கதிர்வீச்சாலோ அவற்றின் பெருக்கம் நிறுத்தப்பட்டிருக்கும். அவை உயிரோடு இருக்கும், சுரக்கும், ஆனால் பிரியாது. ஊட்டக் கலங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள்.

ஊடகத்தில் குளுக்கோசும் அமினோ அமிலங்களும், 15 வீதமளவு கன்றுக் கருவின் குருதித் தெளியமும் இருக்கும். அத்துடன் லிஃப் என்ற புரதமும், மிகச் சிறிய அளவில் மேர்க்கப்டோஎத்தனோலும் சேரும். தெளியம் பசுவிலிருந்து வருவதால் ஒரு தொகுதி போல் அடுத்த தொகுதி இருக்காது. ஒரு தொகுதியில் தளதளவென்று வளரும் கலங்கள் இன்னொன்றில் தோலாகவும் நரம்பாகவும் சிதறும். அதனால் ஆய்வுகூடங்கள் சில தொகுதிகளில் மாதிரி வாங்கிச் சோதித்து, நன்றாக உள்ள தொகுதியை மொத்தமாக வாங்கி உறைய வைக்கின்றன.

முளையங்களை 37 பாகை செல்சியசில், காற்றில் 5 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த அடைகாப்பானில் வைக்கிறார்கள். ஓரிரு நாளில் முளையம் தன் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கிண்ணத்தில் ஒட்டுகிறது. வெளிச்சுவர்க் கலங்கள் பெரிய தட்டைகளாகப் பரவுகின்றன. நடுவில் உட்கலத் திரள் ஒரு சிறு குமிழாக எழுகிறது. இங்கே காலம் பிசகக்கூடாது. சீக்கிரம் எடுத்தால் கலம் போதாது. தாமதித்தால் குமிழின் மேல் வேறு வகைக் கலப் படை மூடி, உள்ளிருப்பவை மாறத் தொடங்கிவிடும். ஐந்தாம் ஆறாம் நாளில் அந்தக் குமிழை மெல்லிய குழாயால் கொத்தி எடுத்து, திரிப்சின் என்ற நொதியத்தில் சில நிமிடம் வைத்து, சிறு துண்டுகளாக உடைத்து, புதிய ஊட்டக் கலப் படுக்கையில் விடுகிறார்கள்.

அடுத்த சில நாட்களில் பலவகைக் கூட்டங்கள் தோன்றும். தட்டையாகப் பரவுவதும் நீண்டு கிளைவிடுவதும் வேண்டாதவை. விளிம்பு வழுவழுப்பாக, நடு எழும்பி, ஒவ்வொரு கலத்தின் எல்லையும் தெரியாதபடி நெருங்கி மினுங்கும் கூட்டமே தேவை. அதைத் தனியாக எடுத்து மீண்டும் உடைத்து மீண்டும் விடுகிறார்கள். இப்படிப் பிரித்து விடுவதை ஆய்வுகூடத்தில் பாசேஜ் என்பார்கள். அதன்பின் வேகம் பிடித்துவிடும். இந்தக் கலங்கள் அரை நாளுக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் இரட்டிக்கின்றன. தினமும் ஊடகம் மாற்றவேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாசேஜ் செய்யவேண்டும், ஞாயிறு என்றும் தீபாவளி என்றும் பார்க்க முடியாது. இளஞ்சிவப்பு ஊடகம் மஞ்சளானால் அமிலம் கூடிவிட்டது, கலங்கள் நெருக்கடியில் இருக்கின்றன என்று அர்த்தம்.

பிரித்து விடுவதிலும் பக்குவம் வேண்டும். உடைக்காமல் விட்டால் பெரிய கட்டிகளின் உட்பகுதி மாறத் தொடங்கும். ஐதாக விட்டால் வளர்ச்சி மந்தமாகும். போதியளவு பெருகியதும் ஒரு பகுதியை டீ.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் கலந்து மெதுவாகக் குளிர்வித்து, கழித்தல் 196 பாகையில் உள்ள திரவ நைதரசனில் வைத்துவிடுகிறார்கள். முப்பது வருடம் முன் உறைய வைத்த குப்பியை இன்று திறந்தாலும் அவை மீண்டும் வளரும்.

கிடைத்தது உண்மையான மூலக்கலம்தானா என்று பார்க்கச் சோதனைகள் உண்டு. நிறமூர்த்தங்கள் 40 இருக்கவேண்டும். நீண்ட காலம் வளர்த்தால் வேகமாகப் பெருகும் பிறழ்ந்த கலம் மற்றவற்றை முந்திவிடும் என்பதால் இதை அடிக்கடி எண்ணுவார்கள். ஒக்ட்4, நனோக் என்ற புரதங்கள் கலத்தின் கருவுக்குள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். ஆனால் இறுதித் தீர்ப்பு எலியிடமிருந்துதான் வரும். பழுப்பு வம்சத்திலிருந்து எடுத்த மூலக்கலம் பத்துப் பதினைந்தைக் கறுப்பு வம்சத்து பிளாஸ்டோசிஸ்டுக்குள் ஊசியால் செலுத்தி, வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைக்கிறார்கள். கறுப்பும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த குட்டி பிறந்தால் கிண்ணத்துக் கலங்கள் உடலில் சேர்ந்துவிட்டன. அந்தக் குட்டி வளர்ந்து ஈனும் குட்டிகளில் பழுப்பு வந்தால், அவை விந்தாகவும் முட்டையாகவும் மாறியிருக்கின்றன. 1984இல் அலன் பிராட்லி, எவன்ஸ், கவுப்மன், எலிசபெத் ரொபர்ட்சன் குழு இதைக் காட்டியது. கட்டிக் கலங்களால் அரிதாகவே செய்ய முடிந்தது இதைத்தான்.

கட்டளை எங்கிருந்து வருகிறது

ஊட்டக் கலங்கள் என்ன கொடுக்கின்றன என்பது ஏழு ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1988இல் ஒஸ்டின் ஸ்மித் குழுவும் மெல்பேர்ன் குழுவும் விடை கண்டன. அது லிஃப் என்ற ஒரு புரதம். மெல்பேர்னில் அந்தப் புரதத்தை முதலில் கண்டது வேறொரு வேலையில். எலியின் ஒரு வகை இரத்தப் புற்றுக் கலத்தை வளர்ச்சி பெற்ற கலமாக மாற்றும் பொருள் அது. ஒரு கலத்தை மாறச் செய்யும் அதே புரதம் இன்னொரு கலத்தை மாறாமல் பிடித்து வைக்கிறது. புரதம் ஒன்றுதான், கேட்கும் கலம் வேறு. கருப்பைக்குள் நிறுத்தி வைக்கப்படும் பிளாஸ்டோசிஸ்டுகளில் உட்கலங்கள் நிலைத்திருக்க லிஃபின் சமிக்ஞைப் பாதை தேவை என்பது 2001இல் தெரியவந்தது. கிண்ணத்தில் கலம் நிற்பதும் பாலூட்டும் தாயில் முளையம் நிற்பதும் ஒரே வழியில்.

அப்படியானால் 'மாறாமல் இரு' என்று வெளியிலிருந்து இடைவிடாது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், சொல்வதை நிறுத்தினால் கலம் மாறிவிடும். இருபது ஆண்டுகள் இந்தத் துறை அப்படித்தான் நினைத்தது.

2008இல் சி-லொங் யிங், ஒஸ்டின் ஸ்மித் முதலானோர் இதைத் தலைகீழாக்கினார்கள். மூலக்கலங்களே எஃப்.ஜி.எஃப்.4 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது அவற்றின் மீதே திரும்பி, ஏர்க் என்ற பாதை வழியாக 'மாறு' என்கிறது. ஏர்க் பாதையை ஒரு சிறு மருந்து மூலக்கூற்றால் அடைத்தார்கள். ஜி.எஸ்.கே.3 என்ற இன்னொரு நொதியத்தை இரண்டாவது மருந்தால் தடுத்தார்கள். கன்றுத் தெளியம், ஊட்டக் கலம் எதுவுமே இல்லாமல் கலங்கள் மூலக்கலங்களாகவே நின்றன. லிஃப் சேர்த்தால் இன்னும் உறுதியாக நின்றன. இரண்டு தடுப்பான் என்பதால் இந்த ஊடகத்துக்கு 2ஐ என்று பெயர். முன்பு 129 போன்ற சில வம்சங்களில் மட்டும் எளிதாகக் கிடைத்த மூலக்கலம், பிடிவாதமாக மறுத்த வம்சங்களிலும், 2008 இறுதியில் பேரெலியிலும் கிடைத்தது.

இதில் பெறப்படுவது நுட்பத்தைவிடப் பெரியது. மாறாதிருக்கச் சொல்லி யாரும் அந்தக் கலத்துக்கு ஆணையிட வேண்டியதில்லை. மாறச் சொல்லும் குரலை அடக்கினால் போதும், அது தன் இயல்பில் நிற்கும். மாறுவதற்குத்தான் கட்டளை வேண்டும்.

பேராதனையிலிருந்து சிங்கப்பூருக்கு

சுண்டெலியில் முடிந்தது மனிதனில் ஏன் தாமதித்தது என்ற கேள்வியில் ஓர் இலங்கையர் நிற்கிறார். ஆரிஃப் பொங்சோ இலங்கையில் பிறந்து பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவர். கனடாவின் குவெல்ஃபில் மேற்படிப்பு முடித்தார். மலேசியாவில் எருமைகளின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார்.

பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுத் துறையில் சேர்ந்தார். அத்துறையின் தலைவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.எஸ். ரட்ணம். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது அவருடைய குழுவின் கையில். வெறும் ஊடகத்தில் மனித முளையங்கள் அந்நாளில் நன்றாக வளரவில்லை. கால்நடை முளையங்களில் பழகிய பொங்சோ, பலோப்பியன் குழாயிலிருந்து எடுத்த கலங்களின் மேல் முளையங்களை வளர்த்தார். இயற்கையில் முளையம் கருப்பைக்கு வரும் வழியும் அதுதான். அந்தப் படுக்கையில் பிளாஸ்டோசிஸ்டுகள் கிடைத்தன.

1994இல் பொங்சோ, ரட்ணம் குழுவினர் அத்தகைய மனித பிளாஸ்டோசிஸ்டுகளின் உட்கலத் திரளைப் பிரித்தெடுத்து வளர்த்ததை வெளியிட்டனர். சுண்டெலி முறையை ஒட்டி லிஃபும் சேர்த்திருந்தார்கள். உலகில் முதன்முதலாக மனித உட்கலங்கள் கிண்ணத்தில் வளர்ந்தன. ஆனால் இரண்டு பாசேஜோடு அவை மூலக்கலத் தன்மையை இழந்துவிட்டன. நிலைத்த வரிசையை 1998இல் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் உருவாக்கினார். 2000இல் பொங்சோவும் அவுஸ்திரேலிய, இஸ்ரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து தங்கள் வரிசைகளை வெளியிட்டனர். 2002இல் பொங்சோ எலிக் கலங்களுக்குப் பதிலாக மனித ஊட்டக் கலங்களில் அவற்றை வளர்த்துக் காட்டினார். எலியின் நுண்ணுயிர் கலக்கும் அபாயம் அதனால் நீங்கியது.

1994இன் கலங்கள் ஏன் நிற்கவில்லை? 2007இல் ஒரு விளக்கம் கிடைத்தது. சுண்டெலி முளையம் கருப்பையில் பதிந்த பின், ஒரு நாள் மூத்த கலங்களை இரண்டு குழுக்கள் வளர்த்தன. அவற்றுக்கு லிஃப் உதவவில்லை. எஃப்.ஜி.எஃப்., அக்டிவின் என்ற புரதங்களே தேவைப்பட்டன. மனித மூலக்கலங்களுக்கும் தேவையானவை அவையே. மனிதக் கலங்கள் கிண்ணத்தில் நிற்கும் இடம் எலியினதைவிட ஒரு படி பிந்தியது. எலியின் நான்காம் நாளுக்கான சேர்மானத்தை மனிதக் கலம் ஏற்கவில்லை. பொங்சோவின் கையில் குறை இல்லை, கலம் கேட்டது வேறு.

பதுளை வைத்தியசாலையில்

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த எலிக் கலத்தால் என்ன பயன்? கிண்ணத்தில் வைத்தே அதன் ஒரு பரம்பரை அலகைத் திருத்தலாம் அல்லது சிதைக்கலாம். பின் அந்தக் கலத்திலிருந்து எலியைப் பெறலாம். 1987இல் மரியோ கபெக்கியும் ஒலிவர் ஸ்மித்தீசும் தனித்தனியே மூலக்கலங்களில் குறித்த அலகை மாற்றிக் காட்டினர். 1989 முதல் அப்படி மாற்றிய எலிகள் பிறந்தன. எவன்ஸ், கபெக்கி, ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்மித்தீசின் மனதில் தொடக்கத்திலேயே ஹீமோகுளோபின் இருந்தது. 1985இல் அவர் மனிதக் கலங்களில் முதலில் குறிவைத்தது ஹீமோகுளோபினின் ஒரு கூறான பீற்றா குளோபினின் அலகுப் பகுதியைத்தான். 1995இல் அவரது குழு எலியின் வளர்ந்தோர் பீற்றா குளோபின் அலகுகளை மூலக்கலத்தில் நீக்கி, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள எலியை உருவாக்கியது.

ஊவா வாசகருக்குத் தலசீமியா தூரத்துச் சொல் அல்ல. குருநாகல், அநுராதபுரம் போலவே பதுளையும் இந்நோயாளர்கள் அதிகம் சிகிச்சை பெறும் இடம். பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற இரவுகளில் தோலின் கீழ் டெஸ்ஃபெரொக்சமீன் ஏற்றவேண்டும் அல்லது மாத்திரை எடுக்கவேண்டும்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு பீற்றா குளோபின் தேவைப்படுவதில்லை. காமா குளோபின் அந்த வேலையைச் செய்கிறது. பிறந்த பின் காமா அடங்கி பீற்றா எழுகிறது. பீற்றா பழுதான பிள்ளைக்கு நோய் தெரிய ஆரம்பிப்பது அப்போதுதான். காமாவை அடக்குவது யார்? பீ.சீ.எல்.11ஏ என்ற புரதத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. 2009இல் விஜய் சங்கரன், ஸ்டுவர்ட் ஓர்கின் குழு அந்தப் புரதத்துக்குரிய அலகு இல்லாத எலிகளில் மனித குளோபின் தொகுதியை வைத்துப் பார்த்தபோது, அடங்கவேண்டிய காமா அடங்கவில்லை. அத்தகைய எலிகளுக்கு அடித்தளம் மூலக்கலத் தொழில்நுட்பம்தான். புதிதாக ஒன்றைக் கொடுக்கத் தேவையில்லை, அடக்கும் கட்டளையை நீக்கினால் போதும் என்ற பாடம் இங்கேயும் வந்தது.

அந்தப் பாடம் சிகிச்சையாகிவிட்டது. நோயாளியின் சொந்தக் குருதி மூலக்கலங்களை எடுத்து, அவற்றில் பீ.சீ.எல்.11ஏ இயங்கும் ஆளியை கிரிஸ்பர் முறையில் வெட்டி, திரும்ப உடலில் ஏற்றும் காஸ்ஜெவி, 2023 நவம்பரில் பிரித்தானியாவிலும் 2024 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவிலும் தலசீமியாவுக்கு அனுமதி பெற்றது. இதில் பயன்படுவது முளைய மூலக்கலம் அல்ல. குருதியை மட்டும் உண்டாக்கும் வளர்ந்தோர் மூலக்கலம் எலும்பு மச்சையில் எல்லோருக்கும் இருக்கிறது. முளைய மூலக்கலத்தை நேரே உடம்பில் விட்டால் ஸ்டீவன்ஸ் கண்ட கட்டியே வரும். ஸ்டெம் செல் என்ற சொல்லை மட்டும் வைத்து எந்த நோயையும் தீர்ப்பதாகக் கடை விரிப்பவர்களிடம் எந்தக் கலம், எங்கிருந்து எடுத்தது, எந்த நோய்க்கு அனுமதி பெற்றது என்று கேட்கவேண்டும்.

காஸ்ஜெவியின் அமெரிக்கப் பட்டியல் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். பதுளைக்கு அது இன்னும் வரக்கூடிய விலை அல்ல. ஆனால் நோயைத் தவிர்க்கும் இன்னொரு வழி இன்றே கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. நோயில்லாமல் பழுதான அலகை மட்டும் சுமக்கும் தலசீமியா காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காவியா இல்லையா என்பதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். லுணுகலையிலோ பசறையிலோ கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் ஜாதகத்தோடு இந்தப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டால் ஒருவரின் வாழ்க்கை முழுவதும் ஏற்றவேண்டிய இரத்தம் மிஞ்சும்.